பால் பல்தானே என்று விட்டுவிடலாமா?

"பால் பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கப் போகிறது." குழந்தையின் பல்லில் ஒரு கருப்புப் புள்ளி தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் எழும் பேச்சு இதுதான். மும்பையில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்தும் தமிழர்களுக்கு இந்தப் பேச்சு ஓர் ஆறுதலும்கூட. விடியுமுன் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். டப்பா கட்ட வேண்டும். லோக்கல் ரயிலைத் தவற விடக் கூடாது. இத்தனைக்கும் நடுவே, விழப் போகிற ஒரு பல்லுக்காக அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் யார் நிற்பது?

ஆனால், கருப்புப் புள்ளி அவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பதில்லை. அது குழியாகிறது. குழியில் சோற்றுப் பருக்கை அடைகிறது. பிறகு ஒருநாள் நள்ளிரவில் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுகிறது. அந்த ஒற்றை அறையில் யாருக்கும் உறக்கம் இல்லை. மறுநாள் தகப்பனாருக்கு அரை நாள் அல்ல, முழு நாள் சம்பளமே போகிறது. குழந்தைக்குப் பள்ளியும் போகிறது.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் கதை அல்ல. இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002-03-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பில், 5 வயதுக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் சொத்தைப் பல் இருந்தது தெரிய வந்தது. 12 வயதுப் பிள்ளைகளிடமும் நிலைமை அப்படியேதான். ஆகவே, சொத்தைப் பல் என்பது நம் குழந்தைகளுக்கு வரும் மிகச் சாதாரணமான நோய்களில் ஒன்று. அதே சமயம், வராமல் தடுப்பதற்கு மிக எளிதான நோய்களிலும் அது ஒன்று என்பதைப் பலரும் அறிவதில்லை.

இருபது பற்களின் வேலை

குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் கீழ் முன்பல் அரும்புகிறது. இரண்டரை, மூன்று வயதுக்குள் மேலே பத்து, கீழே பத்து என்று 20 பால் பற்களும் முளைத்துவிடுகின்றன. 6 வயதில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். இதைப் பார்த்துத்தான் எல்லாப் பால் பற்களும் சீக்கிரம் போய்விடும் என்று பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், பின்னால் உள்ள பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரையில் வாயில் இருக்க வேண்டியவை. 3 வயதில் சொத்தை விழுந்த கடைவாய்ப் பல்லுடன் அந்தக் குழந்தை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் சோறு மென்றாக வேண்டும்.

மெல்ல முடியாத குழந்தை சரியாகச் சாப்பிடாது. "பிள்ளைக்குப் பசியே எடுப்பதில்லை" என்று டானிக் வாங்கிக் கொடுக்கும் வீடுகளில், ஒருமுறை குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடுவது உண்டு.

பால் பல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தனக்குக் கீழே வளரும் நிலைப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைக்கிறது. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். பால் பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டால், அண்டைப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வரும் நிலைப் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். பால் பல்லின் வேரில் சீழ் பிடித்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப் பல்லே பழுதாகிவிடவும் கூடும்.

ஏமாற்றும் ஆறாம் வயதுப் பல்

"பால் பல்தானே" என்ற பேச்சு செய்யும் மிகப் பெரிய கெடுதல் 6 வயதில் நடக்கிறது.

அந்த வயதில், பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், தாடையின் இரு பக்கமும், மேலும் கீழுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை எந்தப் பால் பல்லும் விழுந்த இடத்தில் வருவதில்லை. சத்தமில்லாமல் பின்னால் புதிதாக வருகின்றன. எந்தப் பல்லும் ஆடவில்லை, எந்தப் பல்லும் விழவில்லை என்பதால், இதுவும் ஒரு பால் பல்தான் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள்.

ஆனால் இவைதாம் குழந்தையின் முதல் நிலைப் பற்கள். இவை விழுந்து மறுபடி முளைப்பவை அல்ல. 60, 70 வயது வரை மெல்வதற்கு உதவ வேண்டியவை. மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகப் பொருந்தி நிற்பதற்கும் இவையே தூண்கள். இவற்றின் மேற்பரப்பில் ஆழமான வரிப் பள்ளங்கள் உண்டு. உணவுத் துணுக்கு அங்கே எளிதில் தங்கும். சிறு பிள்ளையின் கையிலுள்ள பிரஷ் அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே வாயில் முதலில் சொத்தையாகும் நிலைப் பல் பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது.

9 வயதுப் பிள்ளைக்கு "பால் பல்தானே, எடுத்துவிடுங்கள்" என்று கேட்டு, ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல்லைப் பெற்றோரே பறி கொடுத்துவிடுவது உண்டு. எனவே, ஒரு சிறு கணக்கை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நடுக்கோட்டிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போனால், பால் பல் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். 6 வயதுக்கு மேல் ஆறாவதாக ஒரு பல் தெரிந்தால், அது நிலைப் பல். அதன் மேல் கருப்புக் கோடு விழுந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை

ஊரில் இதைப் பூச்சிப் பல் என்பார்கள். மும்பையில் பக்கத்து வீட்டுக்காரர் "தாந்த் மே கீடா" என்பார். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அதன் புகையை வாயில் பிடித்தால் புழு விழும் என்ற நம்பிக்கை கிராமங்களில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் பல்லில் புழு கிடையாது. விழுந்ததாகக் காட்டப்படும் 'புழு' எந்தப் பல்லிலிருந்தும் வந்தது அல்ல.

உண்மையில் நடப்பது இதுதான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் எல்லோருடைய வாயிலும் இருக்கின்றன. பல்லின் மேல் படியும் மெல்லிய வழுவழுப்பான படலத்தில் அவை குடியிருக்கின்றன. இனிப்போ மாவுப் பண்டமோ வாய்க்குள் போனதும், அதைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓடாகிய எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பிறகு உமிழ்நீர் மெதுவாக அமிலத்தை முறித்து, கரைந்த சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது.

ஆக, வாயில் நாள்தோறும் ஒரு வரவு செலவுக் கணக்கு நடக்கிறது. வரவு அதிகமானால் பல் பிழைக்கும். செலவு அதிகமானால் முதலில் ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். இந்தக் கட்டத்தில் கவனித்தால் குழி விழாமலே சரிப்படுத்திவிடலாம். அடுத்தது பழுப்பு. அதற்கும் அடுத்தது குழி. பால் பல்லின் எனாமல் நிலைப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதிக் கனம்தான். எனவே குழந்தைப் பல்லில் சொத்தை வேகமாக இறங்கிவிடுகிறது.

எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம்

சுவீடன் நாட்டில் வீபெஹோம் என்ற மருத்துவமனையில் 1945-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு வெவ்வேறு விதமாக இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். தங்கள் சம்மதத்தைச் சொல்லத் தெரியாதவர்களிடம் இப்படிச் செய்தது கொடுமை என்று பின்னாளில் உலகமே கண்டித்தது. ஆயினும், அந்தச் சோதனை காட்டிய உண்மை ஒன்று உண்டு. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் வரவில்லை. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே, ஒட்டிக்கொள்ளும் மிட்டாயை அடிக்கடி தின்றவர்களுக்குப் பல் பல்லாகச் சொத்தை விழுந்தது. இதற்குப் பிறகு சுவீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டுமே மிட்டாய் என்ற வழக்கம் பரவியது. இன்றும் பல வீடுகளில் அது இருக்கிறது.

இந்தக் கணக்கை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். காலையில் சீனி போட்ட டீயில் பிஸ்கட். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு ரூபாய்க்கு மிட்டாய். திரும்பி வந்ததும் டீயும் பாவும். மாலையில் தகப்பனார் வாங்கி வரும் சாக்லெட். படுக்கும்போது சீனி போட்ட பால். சீனியின் அளவு சில கரண்டிகள்தாம். ஆனால் ஐந்து தடவை அமிலம் ஊறி, ஐந்து தடவை பல் கரைந்திருக்கிறது. அதே மிட்டாயை மத்தியானச் சோற்றோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும்.

தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டில், அழும் பிள்ளையை அமர்த்த ஆச்சியின் மடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருப்பது இயற்கை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்றுப் பண்டம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் போதும். வயதுக்கு ஏற்றபடி வெள்ளரிக்காய், கொய்யாத் துண்டு, அவித்த சுண்டல் போன்றவை பல்லில் ஒட்டுவதில்லை. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழு வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் தொண்டையில் அடைக்கக் கூடும் என்பதால் மசித்தே தர வேண்டும்.

புட்டியும் இரவும்

எல்லாவற்றிலும் மோசமானது, பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைப்பது. தூங்கும்போது உமிழ்நீர் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சீனி கலந்த பால் மேல் முன்பற்களைச் சுற்றி இரவெல்லாம் தேங்கி நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். மேல் முன்பற்கள் நான்கும் ஒன்றாகப் பழுத்து, உடைந்து, ஈறோடு ஈறாக மொட்டையாகிவிடும். இரண்டு வயதுக் குழந்தை சிரிக்கும்போது மேல் வரிசையில் கருப்புக் கட்டைகள் தெரிவது இதனால்தான்.

ஒரு வயதுக்குப் பிறகு குழந்தைக்கு டம்ளரில் குடிக்கப் பழக்கிவிடலாம். இரவில் புட்டி வேண்டுமென்று அடம் பிடித்தால் வெறும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். நிப்பிளைத் தேனிலோ சீனியிலோ தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் வேறு விதத்திலும் ஆபத்தானது.

இருமல் மருந்து, காய்ச்சல் மருந்து போன்ற சிரப்புகளிலும் பெரும்பாலும் சீனி உண்டு. இரவில் கொடுத்தால் ஒரு வாய் தண்ணீரும் கொடுக்க வேண்டும். இரும்புச் சத்து டானிக் சாப்பிடும் குழந்தையின் பல் கருத்தால் பயப்பட வேண்டாம். அது மேலே படிந்த கறை, சொத்தை அல்ல.

ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

காலையில் குழாயடியில் கூட்டம். பொதுக் கழிப்பிடத்தில் வரிசை. அந்த நேரத்தில் குழந்தையை உட்கார வைத்து ஒழுங்காகப் பல் துலக்கிவிடு என்றால் எந்தத் தாயாலும் முடியாது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இரண்டு வேளையில் மிக முக்கியமானது இரவு வேளைதான். இரவுச் சாப்பாடு முடிந்து, குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்தால் வேலை முடிந்துவிடும். துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது.

முதல் பல் முளைத்த நாளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். பல் முளைக்குமுன் ஈரத் துணியால் ஈற்றைத் துடைத்துவிட்டால், பிறகு பிரஷ்ஷைக் கண்டு குழந்தை மிரளாது. ஏழெட்டு வயது வரையில் பிள்ளையால் தானாகச் சரியாகத் துலக்க முடியாது. அதுவரை அதன் பல்லைப் பெரியவர்தான் துலக்கிவிட வேண்டும். முதலில் குழந்தை தன் விருப்பம்போலத் துலக்கட்டும். அதற்கு மேல் பெரியவர் ஒருமுறை துலக்கிவிடட்டும்.

சிறு குழந்தையாக இருந்தால் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால், கண்ணாடி முன் நிறுத்திப் பின்னால் நின்று முகவாயை ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். மெல்லிய இழைகள் கொண்ட சிறிய பிரஷ் போதும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றும் முடிய இரண்டு நிமிடம் பிடிக்கும். வலுவாகத் தேய்ப்பதால் பல் வெளுக்காது, ஈறுதான் இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது இழைகள் விரிந்ததும், பிரஷ்ஷை மாற்ற வேண்டும். ஒரே பிரஷ்ஷை இரண்டு பிள்ளைகளுக்கு உபயோகிக்கக் கூடாது.

பேஸ்ட்டா, பொடியா?

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மவர்கள். பழக்கம் உள்ள பெரியவர்கள் வேப்பங்குச்சியை விட வேண்டியதில்லை. ஆனால் சிறு குழந்தையின் மெல்லிய ஈற்றில் குச்சியின் முனை குத்தும். கடைவாய்ப் பல்லின் பள்ளத்துக்குள்ளும் அது போகாது. அடுப்புக்கரி, சாம்பல், செங்கல் பொடி, உப்பு ஆகியவை பல்லைத் தேய்த்துக் கரைப்பவை. சிவப்புப் பற்பொடிகள் பலவற்றில் காவிக்கல் பொடி கலந்திருக்கிறது. அதுவும் சொரசொரப்பானதே.

மராட்டியப் பகுதியில் குடியேறிய குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகையிலையைச் சுட்டுப் பொடித்த மிஸ்ரி என்ற பொடியால் பல் தேய்க்கும் வழக்கம் இங்கே பெண்களிடையே நெடுநாளாக உண்டு. பக்கத்து வீட்டில் பார்த்துப் பல்வலிக்கு நல்லது என்று நம் வீட்டிலும் அது நுழைந்துவிடக் கூடாது. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-ஆம் ஆண்டிலேயே தடை செய்திருக்கிறது. பல்வலியை மரக்க வைப்பது போலத் தோன்றும் அந்தப் பொடி, பிள்ளையைப் புகையிலைக்கு அடிமையாக்கிவிடும். புற்றுநோய்க்கும் அது வாசல்.

குழந்தைக்கு ஏற்றது ஃபுளோரைடு சேர்ந்த பற்பசை. எனாமலில் சத்து திரும்பப் படிவதற்கு ஃபுளோரைடு உதவுகிறது. அதன் அளவு எத்தனை பிபிஎம் என்பது குழாயின் மேல் அச்சிட்டிருக்கும். நம் நாட்டில் அது 1000-க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. குழந்தைகளுக்கென்று பொம்மை போட்டு விற்கும் சில பசைகளில் ஃபுளோரைடு மிகக் குறைவு. சிலவற்றில் அறவே இல்லை. விலை மட்டும் அதிகம். பெரியவர்களின் சாதாரணப் பசையில் 1000 பிபிஎம் இருந்தால், அதையே அளவு குறைத்துக் குழந்தைக்கும் வைக்கலாம். 3 வயது வரை ஓர் அரிசி அளவு. 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்குப் பசையைப் பிதுக்குவது வீண் செலவு. குழந்தை விழுங்கினால் கெடுதலும்கூட. துலக்கியபின் துப்பச் சொல்ல வேண்டும். நிறையத் தண்ணீர் விட்டு வாய் கொப்பளித்தால் பசையின் பலன் தண்ணீரோடு போய்விடும்.

தர்மபுரிக் கறையின் கதை

ஃபுளோரைடு என்றதும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். அந்தப் பகுதிகளில் பலருடைய பல்லில் தெரியும் பழுப்புக் கறை இதனால்தானே வருகிறது? உண்மைதான். ஆழமான கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சினால், பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்த குழந்தைக்குக் கறை விழுகிறது. இதைப் போக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் செயலுக்கு வந்தது.

இந்தக் கறையிலிருந்துதான் ஃபுளோரைடின் நன்மையும் தெரிய வந்தது என்பது சுவையான செய்தி. அமெரிக்காவின் கொலராடோவில் 1901-ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிய மெக்கே என்ற பல் டாக்டர், ஊர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறையைக் கண்டார். ஆராய்ந்தபோது, கறைப் பல்லில் சொத்தை குறைவாக இருந்தது. குடிநீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931-இல் தெரிந்தது. கறை விழாத சிறு அளவில் ஃபுளோரைடு கிடைத்தால் சொத்தை குறையும் என்று கண்டு, 1945-இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரின் குடிநீரில் முதன்முதலாக அதைச் சேர்த்தார்கள்.

ஊரில் பாட்டனார் வீட்டில் ஏழெட்டு வயது வரை வளர்ந்து, பிறகு பெற்றோரிடம் நகரத்துக்கு வந்து சேரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய பல் பழுப்பாக இருந்தால், "பல்லே விளக்க மாட்டாயா?" என்று பள்ளியில் கேலி செய்வார்கள். அது அழுக்கு அல்ல என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. வளர்ந்த பிறகு பல் டாக்டரால் சரிப்படுத்த முடியும்.

எங்கே போவது?

வலி வந்தபின் போவதைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு வருவதே சிக்கனம். முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. தனியார் டாக்டரிடம் போகப் பணம் இல்லை என்று தயங்குபவர்களுக்கு மும்பையில் பொது ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் பல் மருத்துவக் கல்லூரி மாநகராட்சியுடையது. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. தாராவியில் இருப்பவர்களுக்கு சயான் ஆஸ்பத்திரியின் பல் பிரிவு கூப்பிடு தூரம். பெங்களூரில் கோட்டைப் பகுதியில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு எடுத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளியின் குடும்பத்துக்கும், மத்திய அரசு சுகாதாரத் திட்ட அட்டை உள்ள குமாஸ்தாவின் குடும்பத்துக்கும் பல் சிகிச்சை பெற உரிமை உண்டு. காய்ச்சலுக்கு மட்டுமே அந்த அட்டை என்று பலர் எண்ணி விட்டுவிடுகிறார்கள். அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பல்லும் சேர்ந்திருக்கிறது. டாக்டர் குழு வரும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறக் கூடாது.

ஆறாம் வயதுக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை மெழுகு பூசுவது போல அடைத்துவிடும் சிகிச்சை ஒன்று உண்டு. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. அந்தப் பல் முழுவதும் வெளி வந்ததும் இதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். விழுந்துவிட்ட சொத்தை மேலும் பரவாமல் நிறுத்த, வெள்ளி கலந்த ஒரு திரவத்தைத் தடவும் முறையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சொத்தை விழுந்த இடம் கருத்துவிடும் என்பது ஒன்றே குறை. துளையிடும் இயந்திரத்தைக் கண்டு அலறும் சிறு குழந்தைக்கு இது பெரிய உதவி.

நடைபாதையில் கண்ணாடிப் பெட்டியும் குறடுமாக உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது. கருவியைக் கொதிக்க வைக்க அவரிடம் வசதி இல்லை. ஒருவர் வாயின் இரத்தம் அடுத்தவர் வாய்க்குப் போகிறது. வலி தாங்காத இரவில், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லி, வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து, விடிந்ததும் டாக்டரிடம் போவதே சரி. மாத்திரையைப் பொடித்துச் சொத்தைக்குள் திணித்தால் ஈறு வெந்துவிடும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

விழுந்து உடைந்தால்

மாடிப்படியிலும் சந்திலும் ஓடி விளையாடும் பிள்ளைகள் விழுந்து முன்பல்லைத் தெறிக்கவிடுவது அடிக்கடி நடப்பது. அது நிலைப் பல்லாக இருந்தால் பதற்றத்தில் எறிந்துவிடக் கூடாது. மேல் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. அழுக்காக இருந்தால் பாலில் ஒருமுறை அலசி, ஒரு கிண்ணம் காய்ச்சி ஆறிய பாலில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால், அதே பல்லை அதே இடத்தில் பொருத்திவிட வாய்ப்பு உண்டு. அரை மணிக்குள் போனால் இன்னும் நல்லது. பால் பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது. ஆயினும் காயத்தை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பிள்ளை பார்த்துக் கற்பது

குழந்தைக்கு உபதேசத்தைவிட வீட்டில் காணும் வழக்கம்தான் பதிகிறது. படுக்கப் போகுமுன் தகப்பனார் பல் துலக்குவதைப் பார்த்தால் பிள்ளையும் பிரஷ்ஷைத் தேடும். அவர் புகையிலை மென்றுவிட்டுப் படுத்தால் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். "துலக்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடுவேன்" என்று மிரட்டுவதால், டாக்டரிடம் போக வேண்டிய நாளில் பிள்ளை வீட்டை விட்டே நகராது. தாயின் பல்லில் சொத்தை இருந்தால் அதற்கும் சிகிச்சை செய்துகொள்வது நல்லது. கிருமிகள் தாயின் எச்சில் வழியாகவே குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன.

இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு சிறு பிரஷ், அரிசி அளவு பசை, ஒரு டம்ளர் தண்ணீர், இரவில் இரண்டு நிமிடம். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லி, நடுவிலிருந்து பின்னால் எண்ணிப் பார்க்கலாம். ஆறாவது பல் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.